கணினிக் கணக்கும் விதைநெல்லும்

ஊராட்சிகளின் வரிக் கணக்கும், பயனாளிகள் பட்டியலும், வேலைகளின் அளவுக் குறிப்புகளும் இன்று கணினியில் ஏறிவிட்டன. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் தொடங்கப்பெற்ற இ-கிராம் சுவராஜ் போன்ற தளங்களில் நாம் பதிவு செய்பவை அங்கேயே காக்கப்படுகின்றன. ஆயின், அலுவலகக் கணினியில் மட்டும் உள்ளவற்றை நாமே காத்தாக வேண்டும். விண்ணப்பப் பட்டியல் அழிந்தால், முதலில் மனுக் கொடுத்த மூதாட்டி மறுபடியும் வரிசையின் கடைசியில் நிற்க நேரிடும்.

சிறிய அலுவலகமொன்றில் மூன்று நான்கு கணினிகள் கம்பியால் இணைக்கப்பட்டு, பொதுக் கோப்புகள் அவற்றுள் ஒன்றில் இருக்கும். அதிலேயே இன்னொரு ஹார்டு டிஸ்க்கை மாட்டிவிட்டால் போதும் எனப் பலர் கருதுகின்றனர். இடி விழுந்தாலும் திருடன் வந்தாலும் இரண்டும் ஒருங்கே போய்விடும். 2017 மே மாதம் 150க்கு மேற்பட்ட நாடுகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட ‘வானாக்ரை’ போன்ற நச்சு நிரல்கள், மாட்டியிருக்கும் டிஸ்க்கையும் விடுவதில்லை. ஆகையால், பிரதி எடுத்தவுடன் அதனைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டுக. மற்றொரு பிரதி, வெள்ளம் எட்டாத வேறு அரசுக் கட்டடத்தில் இருத்தல் வேண்டும். ஆதார் எண்களும் வங்கிக் கணக்கு எண்களும் அதில் உள்ளமையால், கடவுச்சொல் இட்டே வைக்க வேண்டும். எவருடைய வீட்டிற்கும் செல்லலாகாது.

எத்தனை நாள் வேலையை மறுபடி செய்ய இயலும் என்பதை முதலில் முடிவு செய்க. ஒரு நாள் எனில் மாலைதோறும், ஒரு வாரம் எனில் வெள்ளிதோறும் பிரதி எடுத்தல் வேண்டும். கஜா புயல் 2018 நவம்பர் 16இல் வேதாரணியம் அருகே கரை கடந்தபின், பல ஊர்களில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. எனவே, நிவாரணத்திற்கு வேண்டிய பட்டியலை ஐப்பசிக்கு முன்னரே காகிதத்திலும் அச்சிட்டு வைத்தல் நலம்.

எடுத்த பிரதி பயன்படுமா? விதைநெல்லை நம் உழவர் அப்படியே நாற்றங்காலில் விடுவதில்லை; 100 மணிகளை ஈரச் சாக்கில் முடிந்து, 80ஆவது முளைக்கின்றனவா எனப் பார்க்கின்றனர். பிரதிக்கும் இச்சோதனை உண்டு. 2017 ஜனவரி 31இல் ‘கிட்லேப்’ என்னும் கணினி நிறுவனத்தின் ஊழியரொருவர் முக்கியத் தரவுகளைத் தவறுதலாக அழித்துவிட்டார். ஐந்து வகைக் காப்பு முறைகள் இருந்தும் ஒன்றும் கைகொடுக்கவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த பிரதியே உதவிற்று. கணினியே தொழிலாகக் கொண்டோர்க்கே இந்நிலை!

மூன்று மாதத்திற்கொருமுறை பிரதியை வேறொரு கணினியில் ஏற்றி, பத்துக் கோப்புகளையேனும் திறந்து பார்த்து, எவ்வளவு நேரம் பிடித்தது என்பதைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். இதனைச் செய்பவர் யார், அவர் விடுப்பில் சென்றால் யார் என்பதும் அதில் இருக்கட்டும். கணினி அறிந்த எழுத்தர் மாறுதலாகிச் செல்லும்போது கடவுச்சொல்லும் அவருடனே போய்விடுவதை நாம் கண்டிருக்கிறோம். அதனை முத்திரையிட்ட உறையில் இட்டு, அலுவலகத் தலைவரின் பொறுப்பில் வைத்தல் வேண்டும்.