வெயிலுக்கு வேலை, நமக்கு நிழல்: திருவண்ணாமலையின் கோடைக் கணக்கு

மே மாதம், காலை ஐந்தரை மணி. திருவண்ணாமலையில் வெயில் இன்னும் இறங்கவில்லை. மாட வீதிகளுக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஈர வேட்டி விரிந்திருக்கும். பக்கத்தில் ஒரு குண்டான் நிறைய ஆறிய கூழ். கரண்டியால் எடுத்து ஊற்றி, வட்டமாகத் தேய்த்து விடுகிறார்கள். "சீக்கிரம் முடிங்க, வெயில் ஏறிட்டா உக்கார முடியாது" என்று ஒரு குரல் கேட்கும். எட்டு மணிக்கு மாடி காலி. வடாம் வெயிலில், வீட்டார் நிழலில்.

வடாம், மோர் மிளகாய், பானைத் தண்ணீர், நுங்கு, வெட்டிவேர் என்றாலே 'அந்தக் காலம்' என்று பெருமூச்சு விடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் இவற்றில் பாட்டி கைப்பக்குவத்தோடு ஒரு நேர அட்டவணையும் ஒளிந்திருக்கிறது. வெயிலோடு மல்லுக்கட்டாமல், அதற்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது. ஏசி இருக்கும் வீட்டுக்கும் இந்த அட்டவணை தேவைப்படும் காலம் இது.

இந்த ஊர் ஏன் இப்படிக் கொதிக்கிறது?

சென்னைக்குப் பிற்பகலில் கடற்காற்று வரும். திருவண்ணாமலைக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. புதுச்சேரி கடற்கரையிலிருந்து சாலை வழியாக 100 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிற ஊர் இது. கூடவே 800 மீட்டருக்குச் சற்று அதிக உயரம் கொண்ட பாறை மலை. பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பாறை ராத்திரியில்தான் மெல்லத் திருப்பிக் கொடுக்கும். நம்ம வீட்டு கான்கிரீட் தளம் செய்வதும் அதையேதான்.

ஒரு சின்ன ஆறுதல் உண்டு. கோயிலும் பழைய ஊரும் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கின்றன. காலை வெயில் நேராக முகத்தில் அடித்தாலும், சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்து அடிவாரத்தில் நிழல் விழுந்துவிடும்.

ஊரின் வழக்கங்களும் இதற்கு ஏற்றபடியே அமைந்திருக்கின்றன. சித்ரா பௌர்ணமிக்கு லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நடப்பது நிலா வெளிச்சத்தில்தான். பொதுவாக மே 4 முதல் 28 வரை வரும் அக்னி நட்சத்திர நாட்களில் அருணாசலேஸ்வரர் கோயிலில் தாராபிஷேகம் நடப்பது வழக்கம். லிங்கத்துக்கு மேலே தொங்கும் பாத்திரத்திலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்கும். அக்னித் தலத்தில் சாமிக்கே கோடைக்குத் தனி ஏற்பாடு!

வடாம் எப்படிக் கெடாமல் இருக்கிறது?

கிருமிகளும் பூஞ்சையும் வளர ஈரம் வேண்டும். வெயில் அந்த ஈரத்தை எடுத்துவிடுகிறது, உப்பு மிச்ச ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் சித்திரையில் போட்ட வடாம் அடைமழைக் காலத்திலும் கெடாமல் இருக்கிறது. மோர் மிளகாயில் இதே வேலை தவணை முறையில் நடக்கிறது. கீறிய மிளகாய் பகலில் தட்டில் காயும், இரவில் உப்புத் தயிரில் ஊறும். தயிர் முழுவதையும் மிளகாய் இழுத்துக்கொள்ளும் வரை சில நாட்கள் இப்படியே போகும்.

எண்ணெயில் போட்டதும் வடாம் ஏன் பூப்போல விரிகிறது? நன்றாகக் காய்ந்த வடாமுக்குள்ளும் துளி ஈரம் மிச்சமிருக்கும். சூடான எண்ணெயில் அது சட்டென்று நீராவியாகி, மாவுச்சத்தை உள்ளிருந்து ஊதிவிடுகிறது. சரியாகக் காயாத வடாம் பொரியாமல் கடுக்கென்று நிற்கும். எண்ணெய் சூடாகாவிட்டாலும் அதே கதிதான்.

இங்கேதான் உள்மாவட்ட வெயிலுக்கு ஒரு மரியாதை வருகிறது. பொருள் சீக்கிரம் காய்வதற்குச் சூடு மட்டும் போதாது, காற்றும் உலர்ந்திருக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் சூடு உண்டு, கூடவே புழுக்கமும் உண்டு. திருவண்ணாமலை மாதிரி ஊர்களில் நம்மை வாட்டும் அதே உலர்ந்த காற்று வடாமுக்கு வரம்.

பானைத் தண்ணீர் எவ்வளவு குளிரும்?

மண்பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளே இருக்கும் தண்ணீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. 10 லிட்டர் பானையில் வெறும் 100 மில்லி ஆவியானாலே மிச்சத் தண்ணீர் ஏறத்தாழ 6 டிகிரி குளிரும். வெளியிலிருந்து சூடு உள்ளே போகாமல் இருந்தால் வரும் கணக்கு இது. பானையை வெயிலில் வைக்காமல் நிழலில், காற்றோட்டமான இடத்தில், மணல் மேல் வைப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் பானைக்கும் ஓர் எல்லை உண்டு. காற்றின் வெப்பம் 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், ஆவியாதல் மூலம் நீரைச் சுமார் 26 டிகிரி வரைதான் குளிர்விக்க முடியும். வெப்பம் 36 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் அந்த எல்லை சுமார் 30 டிகிரி. அதாவது, அதிகச் சூடான உள்ளூரில் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். சூடு குறைந்த கடற்கரை நகரத்தில் அதே பானை சுமாராகத்தான் வேலை செய்யும். சென்னையில் வாங்கிய பானை ஏமாற்றிவிட்டது என்று யாராவது புலம்பினால், தப்பு பானையில் இல்லை.

ஜன்னலில் தொங்கும் வெட்டிவேர்த் தட்டிக்கும் இதே சூத்திரம்தான். தண்ணீர் தெளித்துவிட்டால், அதன் வழியே வரும் காற்று குளிர்ந்து, மணத்தையும் சேர்த்துக் கொண்டுவரும். இந்த வேர் கடலூர் மாவட்டத்தின் கடலோர மணற்பாங்கான நிலங்களில் பயிராகிறது. ஜன்னல் தட்டிக்கு வழியில்லாதவர்கள் ஒரு பிடி வேரைக் கழுவி, துணியில் முடிந்து பானையில் போட்டாலே போதும்.

மலையில் இருந்தவர்கள் கோடையைச் சமாளித்தது எப்படி?

இந்த ஊரில் இதற்கு ஒரு பெயர்பெற்ற உதாரணம் இருக்கிறது. 1896-இல் திருவண்ணாமலைக்கு வந்த ரமண மகரிஷி, மலையிலுள்ள விரூபாட்ச குகையில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். கோடை வந்தால் அங்கே தங்குவது சிரமம். அந்த மாதங்களில் முலைப்பால் தீர்த்தத்துக்கு அருகில் இருக்கும் மாமரத்துக் குகைக்கு மாறிவிடுவார். தண்ணீர் இருக்கும் இடத்துக்கு, நிழல் இருக்கும் இடத்துக்கு நகர்வது என்ற எளிய தீர்வு.

அவருடைய தாய் அழகம்மாள் கடைசிக் காலத்தில் மகனோடு மலையில் வந்து தங்கினார். ஒருநாள் அப்பளம் இட உட்கார்ந்தவர், மகனையும் உதவிக்குக் கூப்பிட்டார். மகன் செய்துகொடுத்தது ஒரு பாட்டு. 'அப்பளப் பாட்டு' என்று இன்றும் அறியப்படும் அந்தப் பாடலில் உளுந்து மாவு, பிரண்டைச் சாறு, மிளகு, சீரகம், உப்பு, பெருங்காயம் எல்லாம் தத்துவக் குறியீடுகளாக வருகின்றன. ஆன்மிகத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வீட்டு அப்பளத்தின் செய்முறைப் பட்டியல் அதில் பத்திரமாக இருக்கிறது. அழகம்மாள் 1922 மே 19 அன்று, அக்னி நட்சத்திர நாட்களில், மறைந்தார்.

பாட்டோடு நின்றவர் இல்லை ரமணர். கொட்டாங்குச்சியைத் தேய்த்து வழவழப்பாக்குவது, இலை தைப்பது, கைத்தடி செதுக்குவது, புத்தகம் கட்டுவது எனக் கைவேலைகளில் அவருக்கு இருந்த ஈடுபாட்டை வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. பிற்காலத்தில் ஆசிரமச் சமையலறையில் பொழுது விடியும் முன்பே காய் நறுக்க உட்கார்ந்துவிடுவார் என்பதும் பதிவாகியிருக்கிறது. அடுப்பு வேலை வெயிலுக்கு முன், உட்கார்ந்து செய்யும் வேலை நிழலில் என்ற ஒழுங்கைக் கோடைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

மாடி இல்லாத வாடகை வீட்டில் என்ன செய்வது?

"மாடிச் சாவி ஹவுஸ் ஓனர்கிட்ட இருக்கு, வேட்டி விரிக்க இடம் ஏது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பால்கனி கணக்கு.

ஒரு டம்ளர் ஜவ்வரிசியை இரவே ஊறவைக்க வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசி கிடைத்தால் நல்லது. காலையில் ஐந்தாறு டம்ளர் தண்ணீரில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை வேகவிட வேண்டும். பச்சை மிளகாய் விழுதும் சீரகமும் போதும், ஆறிய பிறகு எலுமிச்சைச் சாறு. உப்பைக் குறைவாகவே போடுங்கள். காயக் காய நீர் போய்விடும், உப்பு அங்கேயே நிற்கும். இரண்டு பெரிய தட்டில் சுத்தமான பிளாஸ்டிக் ஷீட் விரித்து, ஸ்பூனால் சின்னச் சின்னதாக ஊற்றினால் போதும். மூன்று நான்கு மணி நேரம் நேர்வெயில் விழும் பால்கனியில் இரண்டு மூன்று நாளில் உரிந்து வந்துவிடும். துணியில் போட்டால் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்க வேண்டும், ஷீட்டில் அந்த வேலையும் மிச்சம்.

பத்து மணி மீட்டிங்கில் நீங்கள் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பால்கனியில் வேலை நடந்துகொண்டிருக்கும். காக்காவுக்கு மட்டும் ஒரு கறுப்புத் துணியைக் கட்டி வையுங்கள்.

அடுப்பே வேண்டாம் என்பவர்களுக்கும் கோடையில் குறை இல்லை. சாலையோரத்தில் சீவித் தரும் நுங்கு, இஞ்சி கறிவேப்பிலை தட்டிப்போட்ட நீர்மோர், வெல்லமும் சுக்கும் ஏலமும் கலந்த பானகம் எல்லாமே பத்து நிமிட சுகங்கள். நுங்கு சாப்பிட்ட கூந்தலில் இரண்டைக் குச்சியில் கோத்து வண்டி செய்து கொடுத்தால், குழந்தைக்குச் செல்போன் இல்லாத ஒரு மணி நேரம் கிடைக்கும்.

இது யாருடைய வேலை?

கோடைக் கைவேலையைப் பற்றிப் பேசும்போது வசதியாக மறக்கப்படும் கேள்வி இது. கிளறியது, ஊற்றியது, உரித்தது, குச்சியோடு மாடியில் காவல் இருந்தது எல்லாம் பெரும்பாலும் பெண்கள். சாப்பிட்டவர்களுக்கு அது சுகம், அவர்களுக்கு அது இன்னொரு ஷிப்ட்.

இந்த உழைப்புக்கு விலை உண்டு என்பதற்குச் சாட்சி மும்பையில் இருக்கிறது. 1959-இல் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் மொட்டை மாடியில் தொடங்கிய அப்பளத் தொழில்தான் பின்னாளில் லிஜ்ஜத் என்ற பெரிய கூட்டுறவாக வளர்ந்தது. தமிழ்நாட்டிலும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் கோடையில் வத்தல், வடாம் போட்டு விற்கின்றன. வீட்டில் செய்ய நேரமில்லை என்றால் அவர்களிடம் வாங்கலாம். செய்வதென்றால், கூழ் கிளறும் கரண்டி எல்லோர் கைக்கும் ஒரு சுற்று போகட்டும்.

பானையும் விசிறியும் போதாத நாள்

சின்னச் சுகங்களைக் கொண்டாடும்போதே அவற்றின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். சமவெளியில் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டு, அது இயல்பைவிட 4.5 டிகிரியாவது அதிகமாக இருந்தால் இந்திய வானிலை ஆய்வு மையம் அதை வெப்ப அலை என்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் ஏற்படும் உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. வெயில் ஆளைக் கொல்லும் என்பதை அரசாணையே ஒப்புக்கொண்ட நிலை.

வெப்பம் 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது மட்டுமே மின்விசிறியை நம்பலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் போனால் அது உடம்பின் மேல் அனல்காற்றைத்தான் அடிக்கும். அப்போது ஈரத்துணியால் துடைப்பதும், குளிர்ந்த இடத்துக்கு நகர்வதும்தான் வழி. யாராவது வெயிலில் குழம்பிப் பேசினாலோ, மயங்கி விழுந்தாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ மோர் கொடுத்துப் பார்க்கிற நேரம் அது இல்லை. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்துக்கொண்டே 108-க்கு அழைக்க வேண்டும்.

எல்லோராலும் வெயிலுக்கு ஒதுங்கிவிட முடியாது என்பதும் உண்மை. கட்டட வேலை செய்பவர், டெலிவரி பையன், பூ விற்கும் அம்மா ஆகியோருக்கு மதியம் 12 முதல் 3 வரையும் வேலை நேரம்தான். அவர்களுக்கு நிழலை யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. தெருமுனைத் தண்ணீர்ப் பந்தல் அதற்காகத்தான் வந்தது. உங்கள் அபார்ட்மென்ட் வாசலில் ஒரு பானை, ஒரு டம்ளர், உட்கார ஒரு ஸ்டூல் வைத்தாலும் அது பந்தல்தான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அலாரத்தை ஐந்து மணிக்கு வையுங்கள். கூழைக் கிளறி, ஊற்றி, பானையை நிரப்பி, வாசலில் இன்னொரு பானையையும் வைத்துவிட்டு எட்டு மணிக்குள் உள்ளே வந்துவிடுங்கள். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும்.