மெட்டு எந்திரம் போடலாம். சொல்லுக்கு யார் பொறுப்பு?

சூழலை நாலு வரியில் தட்டச்சு செய்தால் போதும். வரி, மெட்டு, குரல் மூன்றும் சேர்ந்த பாட்டைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி சில நிமிடங்களில் கொடுத்துவிடுகிறது. அப்படியென்றால் பாடலாசிரியர் இனி எதற்கு?

தொழில்நுட்பம் பாட்டின் வடிவத்தை மாற்றுவது புதிதல்ல. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பதிய முடிந்தது. திரைப்பாட்டு அந்த அளவுக்குள் அடங்கியதில் தட்டுக்கும் பங்குண்டு. பாடகரும் வாத்தியக் குழுவும் ஒன்றாக உட்கார்ந்து பதிவு செய்த காலத்தில், ஒருவர் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பல தடப் பதிவும் கணினியும் அந்தக் கட்டாயத்தை நீக்கின. இப்போது ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் பாட்டு கேட்கப்பட்டதாகக் கணக்கு. அதற்குள் கேட்பவரைப் பிடித்துவிட வேண்டும் என்ற நெருக்கடி பல்லவியின் மேல் விழுகிறது.

மெட்டுக்கு எழுதுவதன் நுட்பம் மட்டும் மாறவில்லை. இசையமைப்பாளர் ‘தன்னானே’ என்று தத்தகாரம் கொடுப்பார். குறில் நிற்க வேண்டிய இடத்தில் இசை நீண்டால் ‘கல்’, ‘கால்’ ஆகிவிடும். சந்தமும் உட்கார வேண்டும், பொருளும் சிதையக் கூடாது, பாத்திரத்தின் ஊரும் வயதும் சொல்லில் தெரிய வேண்டும். சந்தத்தை எந்திரம் எண்ணிவிடும். இந்தப் பெண் இந்த இடத்தில் இப்படிச் சொல்வாளா என்று யோசித்து, கைதட்டல் வாங்கக்கூடிய வரியையும் அடித்துப்போடுவது மனிதர் எடுக்கும் முடிவு. படைப்பு என்பது அந்த முடிவுதான்.

ஆகவே கருவியைக் கண்டு அஞ்சுவதைவிட அதற்கு நெறி வகுப்பதே அவசரம். 2024இல் ‘லால் சலாம்’ படத்துக்காக மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரல்களையும் ஏ.ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்தார். குடும்பத்தினரிடம் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் கொடுத்ததாக அறிவித்தார். அதே ஆண்டு ‘தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’ படத்தில் மறைந்த பாடகி பவதாரிணியின் குரலை அவர் தம்பியும் இசையமைப்பாளருமான யுவன் சங்கர் ராஜா ஒலிக்கச் செய்தார்.

எல்லோரும் ரஹ்மானைப் போல அனுமதி கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமத்தொகையில் பங்குண்டு. அந்த உரிமையைத் தயாரிப்பாளர் எழுதி வாங்கிக்கொள்ளவும் முடியாது. ஆனால் எழுதிய வரிகளையும் பாடிய குரலையும் எந்திரத்துக்குப் பயிற்சிப் பொருளாக்குவது பற்றி அந்தத் திருத்தம் பேசவில்லை.

அனுமதி, ஊதியம், பெயர் ஆகிய மூன்றையும் சட்டம் உறுதிசெய்ய வேண்டும். பெயரைக் காப்பதில் நமக்கும் பங்குண்டு. பிடித்த பாட்டைப் பகிரும்போது, எழுதியவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.