ஏழு வார்த்தைகளுக்கு ஒரு நோட்டு

சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை 46 நாள். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் இந்த நாள்களுக்கென்று ஒரு நடைமுறை உண்டு. சிலர் கறி மீனை விடுவார்கள், சிலர் பூவையும் சினிமாவையும், இப்போது சிலர் வாட்ஸ்அப்பையும். வேதாகமத்தை வழக்கத்தைவிடக் கூடுதலாகவே திறப்போம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பாடுகளின் கதை நமக்கு மனப்பாடம். ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்து கேட்டது. யூதாஸ் வருவான், சேவல் கூவும், பிலாத்து கை கழுவுவான் என்று கண் அடுத்த வசனத்துக்கு முந்திக்கொண்டு ஓடும். தெரிந்த கதையில் அந்த ஓட்டத்தை நிறுத்துவதற்கு, நானறிந்தவரை, பேனாவை விட்டால் வேறு வழியில்லை.

இது புது யோசனையும் அல்ல. அரியணை ஏறும் ராஜா நியாயப்பிரமாணத்துக்கு ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க வாசிக்க வேண்டும் என்கிறது உபாகமம் 17ஆம் அதிகாரம். 1521இல் பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டால் கால் நொறுங்கிப் படுக்கையில் கிடந்த ஸ்பானிய வீரர் லொயோலா இஞ்ஞாசியார், பொழுதுபோக்க வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் இல்லை. கிடைத்தது கிறிஸ்துவின் வாழ்வைப் பற்றிய நூலும் புனிதர்களின் சரிதங்களும். அவற்றிலிருந்து முக்கியமானவற்றை எடுத்து எழுதத் தொடங்கினார். கிறிஸ்து சொன்னவற்றைச் சிவப்பு மையில், மரியாள் சொன்னவற்றை நீல மையில். அந்த நோட்டு ஏறக்குறைய 300 தாள் வரை வளர்ந்தது. இயேசு சபை என்றதும் பள்ளிகளும் கல்லூரிகளும் நினைவுக்கு வருகின்றன. அதை நிறுவியவரின் மனமாற்றம் ஒரு நோயாளியின் நோட்டோடு சேர்ந்தே நடந்தது. 18ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். பக்கங்களுக்கு நடுவே வெற்றுத்தாள் வைத்துத் தைத்த வேதாகமம் ஒன்று 1730இல் அவர் கைக்கு வந்தது. அதில் 5,000க்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதினார்.

நம் ஊரிலும் எழுதாமல் இல்லை. பிரசங்கக் குறிப்பு எடுப்பவர்கள் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள். ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை கையாலேயே எழுதி முடித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பிரசங்கக் குறிப்பில் இருப்பது பிரசங்கியின் வாசிப்பு, நம்முடையது அல்ல. பார்த்து எழுதுவது கண்ணை மெதுவாக்கும், அவ்வளவுதான். ‘இன்று தேவன் என்னோடு பேசியது’ என்று கட்டம் போட்ட டைரிகளைப் பற்றியும் எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. வசனத்தைப் பார்க்கும் முன்பே முடிவை எழுதச் சொல்கின்றன அவை. முதலில் எழுத வேண்டியது வசனத்தில் என்ன இருக்கிறது என்பதை. அடுத்து, அது எழுப்பும் கேள்வியை. நம் உணர்ச்சிக்குக் கடைசி இடம் போதும்.

பெரிய வெள்ளியன்று பகல் 12 மணி முதல் 3 மணி வரை நடக்கும் ஆராதனையை எடுத்துக்கொள்வோம். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளும் ஒவ்வொன்றாகத் தியானிக்கப்படும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரு நாட்டின் லிமா நகரில் இயேசு சபைக் குரு அலோன்சோ மெசியா உருவாக்கிய வழிபாடு என்பார்கள். இன்று அது நம்முடையதாகவே ஆகிவிட்டது. எந்த வார்த்தைக்கு எந்தக் கீர்த்தனை என்றுகூடச் சொல்லிவிடுவோம். எந்த வார்த்தை எந்தச் சுவிசேஷத்தில் என்று கேட்டால்தான் யோசிப்போம்.

நோட்டில் வார்த்தைக்கு ஒரு பக்கமாக ஏழு பக்கம் ஒதுக்கி எழுதிப் பாருங்கள். மூன்று லூக்காவில் மட்டும், மூன்று யோவானில் மட்டும், மீதி ஒன்று மத்தேயுவிலும் மாற்குவிலும். ஏழும் சேர்ந்து எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை. கைவிடப்பட்ட அலறலைத் தவிர வேறெதையும் மாற்கு எழுதவில்லை. லூக்கா அந்த ஒன்றை விட்டுவிடுகிறார். ஏன்? இதை ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால் பல நாள் கூடவே வரும். அந்த அலறல் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. சங்கீதத்தை முழுவதும் வாசித்தால் அது துதியில் முடிவதைப் பார்க்கலாம். இயேசு முடிவையும் மனதில் வைத்துத்தான் அழைத்தாரா? அறிஞர்களும் இதில் ஒத்துப்போவதில்லை.

இன்னொன்று. சிலுவையில் அறைவதற்குச் சற்று முன் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசம் கொடுத்தார்கள், அவர் வாங்கவில்லை என்கிறார் மாற்கு. தாகமாயிருப்பதாகச் சொன்ன பிறகு நீட்டிய காடியை வாங்கினார் என்கிறார் யோவான். வலி மரத்துப்போகச் செய்யும் பானத்தை மறுத்தவர், வெறும் தாகத்துக்குப் போர்வீரர்களின் புளித்த காடியை வாங்கியிருக்கிறார். வருடந்தோறும் கேட்டும் இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுவதில்லை. கூடவே அறையப்பட்டவர்கள் சங்கதியும் அப்படித்தான். இருவருமே நிந்தித்தார்கள் என்கிறது மாற்கு. லூக்காவிலோ ஒருவன் மற்றவனைக் கண்டிக்கிறான். முதலில் நிந்தித்தவனே பிறகு மாறினானா? மாறினான் என்றால் இடையில் அவன் எதைக் கண்டான்?

எழுதத் தெரியாத பாட்டிகள் வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனைகளிலேயே பாடுகளைப் படித்துக்கொண்டார்கள். ஆகவே நோட்டு ஒன்றுதான் வழி என்று நான் வாதாட வரவில்லை. வாசிக்கத் தெரிந்ததாலேயே வேகமாக வாசிக்கப் பழகிவிட்ட நமக்குத்தான் அது தேவைப்படுகிறது. விளக்கவுரையைப் பரிசுத்த வாரம் வரை திறக்காதீர்கள். விடை கிடைத்தால் கேள்வி போய்விடும். எழுதியதைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடவும் வேண்டாம். பார்க்கிறவர்களுக்காக எழுத ஆரம்பித்தால் சந்தேகங்களை மறைத்துவிடுவோம்.

சாம்பல் புதனைத் தவறவிட்டவர்கள் குருத்தோலை ஞாயிறன்று தொடங்கலாம். மாற்குவின் 16 அதிகாரங்களில் கடைசி ஆறும் அந்த ஒரு வாரத்தின் கதைதான். ஞாயிறு, திங்கள், செவ்வாய்க்கு 11, 12, 13, வெள்ளிக்கு 15, ஈஸ்டர் காலையில் 16. நடுவில் உள்ள 14ஆம் அதிகாரத்தில் 72 வசனங்கள். அதற்குப் புதனும் வியாழனும் வேண்டும்.