எத்தனையாவது படியில் மூணாறு?

பாகிஸ்தானுக்கும் கீழேயா? 2025ல் வெளியான உலக மகிழ்ச்சி அறிக்கையைப் பார்த்த பலரும் கேட்ட கேள்வி இது. 147 நாடுகளில் இந்தியா 118வது இடம், பாகிஸ்தான் 109. முதலிடம், தொடர்ந்து எட்டாவது முறையாக, ஃபின்லாந்துக்கு.

அளவுகோல் எளிமையானது. ஓர் ஏணியைக் கற்பனை செய்யச் சொல்கிறார்கள். உச்சிப்படி 10, உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை. அடிப்படி 0, மிக மோசமானது. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? கேள்வியில் 'மகிழ்ச்சி' என்ற சொல்லே இல்லை.

காலப் நிறுவனம் பெரும்பாலான நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 1,000 பேரிடம் இதைக் கேட்கிறது. மூன்றாண்டுச் சராசரிதான் தரவரிசை. தேசிய சராசரிக்கு இது போதும். ஆனால் தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி, ஆயிரம் இந்தியர்களில் இவ்விரு மாவட்டத்தவர் வெறும் 3 பேர். பாலக்காட்டின் அட்டப்பாடியில் 2013ல் ஆதிவாசிக் குழந்தைகளின் மரணங்கள் செய்தியானபோது, கேரளத்தின் பெருமைக்குரிய சராசரிகள் எதை மறைத்திருந்தன என்பது தெரிந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல், பதில் சொல்பவர் தன்னை எதோடு ஒப்பிடுகிறார் என்பது. 2002ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அமர்த்திய சென் இதைச் சுட்டிக்காட்டினார். இந்திய மாநிலங்களில் நீண்ட ஆயுள் கேரளத்துக்கு. ஆனால் 'எனக்கு நோய்' என்று அதிகம் சொல்பவர்களும் கேரளத்தவர்களே. பீகாரில் ஆயுள் குறைவு, புகாரும் குறைவு! படிப்பும் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தன் உடம்பில் என்ன கோளாறு என்று தெரிகிறது.

இடுக்கியின் மூணாறில் 2015 செப்டம்பரில் நடந்ததையும் இப்படிப் பார்க்கலாம். தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு, 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரில் சாலையில் உட்கார்ந்தார்கள். அப்போது தினக்கூலி 232 ரூபாய். ஒன்பது நாளில் 20 சதவீத போனஸ் கைக்கு வந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்பு யாராவது ஏணியோடு லயத்து வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால்? '5' என்று பதில் வந்திருக்கலாம். அது திருப்தியா, சலிப்பா, வந்தவருக்குக் காட்டிய மரியாதையா? வென்ற பிறகு அதே பெண் '4' என்று சொல்லியிருந்தாலும் வியப்பில்லை. உச்சிப்படி இன்னும் உயரத்தில் இருப்பது அப்போதுதானே அவருக்குத் தெரிந்திருக்கும்!

அக்டோபரில் கூலி 301 ரூபாயானது. அவர்கள் கேட்டிருந்தது 500.