ரவுட்டரின் டைமரைக் குறைக்கலாமா?

எந்த ரவுட்டருக்கும் எல்லா வழியும் தானாகத் தெரிவதில்லை. அண்டை ரவுட்டர் சொல்லித்தான் தெரியும். 1988இல் ஆவணமான 'ரிப்' நெறிமுறையில் ஒவ்வொரு ரவுட்டரும் 30 நொடிக்கு ஒருமுறை தன்னிடமுள்ள வழிப்பட்டியலை அக்கம்பக்கத்துக்கு ஒப்பிக்கும். ஒரு வழியைப் பற்றி 180 நொடி பேச்சே வராவிட்டால் அது செத்ததாகக் கணக்கு. இன்னும் 120 நொடி போனால் பட்டியலிலிருந்தே பெயர் நீங்கிவிடும்.

180 நொடி என்பது ஆறு அறிவிப்புகளுக்கான நேரம். அனுப்பிய அறிவிப்பு போய்ச் சேர்ந்ததா என்று ரிப் விசாரிப்பதில்லை. ஒன்றிரண்டு வழியில் தொலையும். அதற்காக நல்ல வழியைக் கைவிடக் கூடாதே என்றுதான் இவ்வளவு பொறுமை. ஆனால் அண்டை ரவுட்டர் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துபோனால், மூன்று நிமிடம் வரை பாக்கெட்டுகள் பாழாகும்.

அதனால் 30ஐ 5 ஆகவும் 180ஐ 15 ஆகவும் குறைக்கலாமே என்று கை பரபரக்கும். சிஸ்கோ ரவுட்டரில் அது ஒரே வரிக் கட்டளைதான். ஆனால் ஒன்றில் மட்டும் மாற்றினால் வந்தது வினை: பக்கத்து ரவுட்டர் 30 நொடிக்கு ஒருமுறை பேசும், இது 15 நொடியிலேயே நம்பிக்கை இழக்கும். நல்ல வழியும் செத்துச் செத்துப் பிழைக்கும்.

எல்லா ரவுட்டரிலும் ஒரே டைமர் இருந்தாலும் இன்னொரு சிக்கல் வரலாம்; அது யாரும் எதிர்பாராதது. 1992இல் பெர்க்லியிலிருந்து எம்.ஐ.டி.க்கு அனுப்பிய சோதனைப் பாக்கெட்டுகள் 90 நொடிக்கு ஒருமுறை கொத்தாகக் காணாமல் போயின. ஆராய்ச்சியாளர்கள் சாலி ஃபிளாய்டும் வான் ஜேக்கப்சனும் துருவினார்கள். வழியிலிருந்த ரவுட்டர்கள் பேசியது 90 நொடிக்கு ஒருமுறை அறிவிக்கும் ஐஜிஆர்பி நெறிமுறை. பிறர் அறிவிப்பைப் படித்து முடித்த பிறகே தன் டைமரை மறுபடி ஓடவிடும் ரவுட்டர், மெல்ல மெல்ல மற்றவற்றோடு ஒட்டிக்கொள்கிறது. இடைவெளி விட்டுக் கிளம்பிய டவுன் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்பதைப் போல. எல்லாம் ஒரே நொடியில் பேசியபோது, பாக்கெட்டுகளைக் கடத்திவிட ஆளில்லை. 1993இல் வெளியான அவர்களின் கட்டுரை சொன்ன மருந்து எளியது: டைமரை வேண்டுமென்றே கொஞ்சம் தாறுமாறாக ஓடவிடுங்கள். 1998இல் வந்த ரிப் இரண்டாம் பதிப்பின் ஆவணமும் 30 நொடியை ஐந்து நொடி வரை முன்பின் நகர்த்தலாம் என்கிறது.

என்னைக் கேட்டால், மூன்று நிமிடம் பொறுக்க முடியாத இடத்தில் ரிப்பின் டைமரைப் பிழிவது வீண்வேலை. ஓஎஸ்பிஎஃப் என்ற இன்னொரு நெறிமுறை வழக்கமான அமைப்பிலேயே 40 நொடியில் அண்டை போனதை உணரும்; அண்டை உயிரோடிருக்கிறதா என்று விடாமல் சோதிக்கும் பிஎஃப்டியைச் சேர்த்தால் ஒரு நொடிக்குள்.