சுண்ணாம்பு வீரியம் இழப்பது ஏன்?

பந்தல்குடி வட்டாரத்தில் சிமெண்டுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல்லை விவசாய அன்பர்கள் அறிவார்கள். சுத்தமான கல் 100 கிலோவைச் சுமார் 900 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு வெளியேறி, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டால் அது கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பு சும்மா இருப்பதில்லை. இழந்த வாயுவைக் காற்றிலிருந்து மீண்டும் பிடித்துக்கொண்டு பழைய கல்லின் தன்மைக்கே திரும்புகிறது.

காற்றில் கரியமில வாயு 10,000 பங்கில் 4 பங்கு அளவே உள்ளது. ஆகவே இம்மாற்றம் மெதுவாகவே நடக்கும். வேகத்தை நிர்ணயிப்பது ஈரம். வாயு முதலில் நீரில் கரைந்தால்தான் சுண்ணாம்புடன் சேரும். ஆகவே உலர்ந்த காற்றில் மாற்றம் ஏறக்குறைய நின்றுவிடும். தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலோ வாயு உள்ளே புகாது. இடைப்பட்ட ஈரத்தில்தான் வேகம் அதிகம். மேலே ஓடு கட்டக் கட்ட வாயு நுழைவது தாமதப்படும். ஒரு மில்லிமீட்டர் ஆழம் மாறப் பத்து நாள் ஆனால், இரண்டு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ நாற்பது நாள் ஆகும். கட்டியைவிடப் பொடி விரைவில் கெடுவதும் இதனால்தான்.

வெள்ளையடித்த சுவருக்கு இம்மாற்றம் நல்லது; பூச்சு இறுகுவதே இதனால்தான். போர்டோ கலவைக்கோ இது கேடு. 1885-ல் பிரான்சு நாட்டு மில்லார்டே திராட்சைக்கு வெளியிட்ட இக்கலவையை நாம் எலுமிச்சைக்கும் தெளிக்கிறோம். ஒரு சதக் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். துத்தத்தின் அமிலத்தன்மையை முறிப்பது சுண்ணாம்பு. பாதி கல்லாகிவிட்ட சுண்ணாம்பை எடை போட்டுச் சேர்த்தால் எடை சரியாக இருக்கும், காரம் போதாது. கலவை இலையைக் கருக்கிவிடும். மருந்துக் கடையைக் குறை கூறிப் பயனில்லை.

மூட்டை பிரித்துக் கிடந்த சுண்ணாம்பில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடவும். நுரைத்துப் பொங்கினால் அது கெட்டுவிட்டது. துத்தத்தையும் சுண்ணாம்பையும் மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரங்களில் தனித்தனியே 50 லிட்டர் நீரில் கரைத்து, சுண்ணாம்பு நீரில் துத்தக் கரைசலை ஊற்றிக் கலக்க வேண்டும். பிறகு தீட்டிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அமிழ்த்திப் பார்க்கவும். செம்புநிறம் படிந்தால் படியாத வரை சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். கலவையை அன்றே தெளித்துவிடவும்.

சுட்ட கட்டிகளை இறுக மூடிய தகர டப்பாவில் வைக்கலாம். நீற்றியதைப் பானையில், மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி வைத்தால் ஏடு மட்டுமே கல்லாகும். அதை ஒதுக்கிவிட்டு அடியில் உள்ளதை வெள்ளையடிக்க எடுத்துக்கொள்ளலாம். மீந்ததைக் கரிசல் வயலில் கொட்ட வேண்டாம். அந்த மண்ணில் ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுதி.