தட்டு அதிரும் போர்க்களம்

ஆகாயத்தில் மிதக்கிறது அகலமான ஒரு தளம். அதற்கு மேலே மூன்று சின்னப் பலகைகள்: இரண்டு பக்கவாட்டில், ஒன்று நடுவில் சற்று உயரத்தில். மறைந்துகொள்ள மரமோ சுவரோ கிடையாது. இரண்டு வீரர்கள் அதில் தாவி ஏறுகிறார்கள், உதைக்கிறார்கள், வாள் வீசுகிறார்கள். யார் விளிம்புக்கு வெளியே தூக்கி எறியப்படுகிறாரோ அவருக்குத் தோல்வி.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1999-ல் வெளியிட்ட 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' என்ற வீடியோ கேம் தொடரில் வரும் ஒரு மேடை இது. பெயரே 'பேட்டில்ஃபீல்ட்', அதாவது போர்க்களம். 2001-ல் வந்த 'மெலீ' என்ற இரண்டாவது ஆட்டத்திலிருந்து இந்த மேடை இடம்பெற்று வருகிறது. மசாஹிரோ சகுராய் வடிவமைத்த இந்த ஆட்டத்தில் அடி வாங்கினால் உயிர் குறைவதில்லை. அடிபட்ட அளவு சதவீதமாக ஏறுகிறது. ஏற ஏற, அடுத்த அடிக்கு வீரன் இன்னும் தூரம் போய் விழுகிறான். ஆகவே எதிராளியைப் போலவே மேடையின் விளிம்பும் ஓர் எதிரி. போட்டிகளில் எந்த மேடையில் மோதுவது என்பதற்கே தனி விதிமுறை உண்டு. இந்தியாவில் நின்டெண்டோ கருவிகள் அவ்வளவாகப் பரவவில்லை. ஆனால் இதே வகையைச் சேர்ந்த 'பிரால்ஹாலா' 2020 முதல் கைபேசியில் இலவசமாகக் கிடைப்பதால் இங்குள்ள பையன்களுக்கும் இந்த ரகச் சண்டை புதிதல்ல.

கொச்சித் துறைமுகத்தின் வாயிலில் இருக்கும் வைப்பின் தீவுக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்காது. மேடையையே போர்க்களமாக்கி, அதன் மேல் ராஜாக்களையும் தளபதிகளையும் மோதவிட்டு இரவெல்லாம் பார்க்கும் வழக்கம் அந்தக் கரையோரத்துக்குப் பழசு. அதன் பெயர் சவிட்டு நாடகம். தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் வேறொன்று உண்டு: அந்த மேடையில் பிராங்கியப் பேரரசர் சார்லமேன் பாடுவது பெருமளவு தமிழில்.

கடல் வைத்த மண்

வைப்பின் என்ற பெயரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்து, கொச்சியில் புதிய கழிமுகத்தைத் திறந்துவிட்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. அப்போது கடலும் ஆறும் கொண்டுவந்து 'வைத்த' மண்தான் வைப்பின். அந்த ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு 'புதுவைப்பு' என்ற ஆண்டுக் கணக்கே வழங்கியிருக்கிறது. தீவின் தென்முனையில் நின்றால் எதிரே கோட்டைக் கொச்சி, அதையொட்டி மட்டாஞ்சேரி. வடமுனையில் பள்ளிப்புறமும் முனம்பமும். பள்ளிப்புறத்தில் போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கோட்டை இன்றும் நிற்கிறது. வடமுனைக்கு அருகே, கழிக்கு அப்பால் இருக்கிறது கோதுருத்து. சவிட்டு நாடகம் என்றதும் கேரளத்தில் முதலில் சொல்லப்படும் ஊர் அதுதான்.

மீனவர்களும் கூலித் தொழிலாளிகளும் தச்சர்களுமான லத்தீன் கத்தோலிக்கர்கள் வளர்த்த கலை இது. கொடுங்கல்லூரிலிருந்து தெற்கே கொல்லம் வரையிலான கடற்கரை இதன் தாய்வீடு. போர்த்துக்கீசியர் காலத்தில், 1599-ல் நடந்த உதயம்பேரூர் சங்கத்தை ஒட்டி இது உருவெடுத்தது என்பது ஆய்வாளர்களில் பலரது கருத்து. கோயில் கலைகளிலிருந்து விலக்கப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்குத் தங்களுடையதென்று ஒரு கூத்து தேவைப்பட்டது. கதை ஐரோப்பாவிலிருந்து வந்தது. உடையில் ரோமானியப் படைவீரன் சாயல். அடவும் வாள்வீச்சும் களரிப்பயிற்றிலிருந்து. பாட்டும் மொழியும் நம்மிடமிருந்து.

சவட்டு என்ற சொல்

'சவிட்டு' என்றால் மலையாளத்தில் மிதி. தமிழுக்கும் அந்நியமில்லாத சொல்தான். 'சவட்டுதல்' என்ற வினையைச் சங்க இலக்கியத்தில் அழித்தல், நசுக்குதல் என்ற பொருளில் பார்க்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சில் இன்றும் 'சவிட்டினான்' என்றால் மிதித்தான்.

நாடகத்தின் உயிர் அந்த மிதியில் இருக்கிறது. மேடை மரப்பலகைகளால் ஆனது. அதற்குத் தட்டு என்று பெயர். தட்டுக்கு அடியில் வெற்றிடம் இருப்பதால் ஒவ்வொரு மிதிக்கும் அது முழங்கும். பத்துப் பன்னிரண்டு பேர் தாளம் தவறாமல் ஒன்றாக மிதித்தால், பக்கத்தில் ஒலிக்கும் செண்டைக்கு அது சவால். பாட்டின் முடிவில் வேகமான அடவுகளின் தொகுப்பு ஒன்று வரும். அதைக் கவித்தம் என்கிறார்கள். நல்லவன் வரும்போது ஒரு நடை, துரோகி வரும்போது வேறு நடை. ஆகவே காலைக் கேட்டே பாத்திரத்தை அடையாளம் கண்டுவிடலாம். போர்க் காட்சியில் வாளோடு வாள் மோதும் ஒலியும் பலகை அதிரும் ஒலியும் ஒரே தாளத்தில் விழ வேண்டும். நடிகனே பாட வேண்டும், ஆட வேண்டும், சண்டையும் போட வேண்டும். மாதக்கணக்கில் பயிற்சி இல்லாமல் இது நடக்காது.

வீடியோ கேம் மேடைக்கும் இந்தத் தட்டுக்கும் உள்ள ஒற்றுமை இங்கே முடிகிறது. கணிப்பொறித் திரையில் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டித் தெரியாது. அதுதான் ஆட்டத்தின் கவர்ச்சி. இங்கே முடிவு ஊருக்கே தெரியும். ரோல்தான் என்ற வீரன் கலலோன் என்ற துரோகியால் சாகப்போகிறான் என்று தெரிந்தேதான் ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். அவன் எப்படி மிதிக்கிறான், மூச்சு வாங்காமல் எப்படிப் பாடுகிறான் என்பதில்தான் பந்தயம்.

அண்ணாவி யார்?

இந்தக் கலையின் கலைச்சொற்களைக் கேட்கும் தமிழருக்குச் சொந்த ஊரில் இருப்பது போலத் தோன்றும். ஆட்டம் கற்பிக்கும் ஆசிரியருக்குப் பெயர் அண்ணாவி. தென்தமிழ்நாட்டில் திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரை அப்படித்தான் அழைத்தார்கள். இலங்கையில் மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம் பகுதிகளில் நாட்டுக்கூத்து பழக்குபவரும் அண்ணாவியார்தான். நாடகப் பிரதிக்குச் சுவடி என்று பெயர். அரங்கில் வரும் கட்டியக்காரன் நமது தெருக்கூத்துக்காரர்களுக்குப் பழைய நண்பன். விருத்தம், இன்னிசை என்று பாட்டு வகைகளும் அப்படியே. பயிற்சி நடக்கும் இடம் களரி. மட்டக்களப்பிலோ கூத்து ஆடும் வட்டமான அரங்குக்கே களரி என்று பெயர்.

மிகவும் புகழ்பெற்ற 'காறல்மான் சரித'த்தை எழுதியவராகச் சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழரைத்தான் மரபு குறிப்பிடுகிறது. காறல்மான் என்பது சார்லமேன். பன்னிரண்டு வீரர்களோடு அவர் நடத்தும் யுத்தங்களை இந்த நாடகம் பல இரவுகளுக்கு நீட்டிச் சொல்லும். புனித கத்தரீனாள், ஜெனோவா, ஞானசுந்தரி போன்ற கதைகளும் சவிட்டு மேடைக்கு வந்திருக்கின்றன. இதில் ஞானசுந்தரியைத் தமிழர்கள் வேறு இடத்தில் சந்தித்திருக்கிறார்கள். 1948-ல் ஜெமினியும் சிட்டாடலும் 'ஞானசௌந்தரி' என்ற ஒரே பெயரில் போட்டி போட்டுக்கொண்டு படம் எடுத்தன.

கொச்சிக் கரையில் தமிழ் எப்படி? அன்றைய நிலையில் இதில் வியப்பில்லை. அந்தோனியோ, தொமிங்கோ என்று ஞானஸ்நானப் பெயர் வைத்துக்கொண்ட கடற்கரை மக்களிடம் பேச, முத்துக்குளித்துறையில் பழகிய பாதிரிமார்கள் தமிழையே கையில் எடுத்தார்கள். அண்ட்ரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் 1578-ல் அச்சானது. இந்தியாவில் அச்சிடப்பட்ட முதல் தமிழ் நூல் அது. மறு ஆண்டே, 1579-ல், 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சேறியது. அச்சேறிய ஊர் கொச்சி. ஜெபம் தமிழில் இருந்த ஊரில் நாடகம் தமிழில் இருந்ததில் அதிசயம் என்ன? சுவடி கைமாறக் கைமாற, அந்தத் தமிழில் மலையாளம் கலந்து, இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு மேடைமொழி உருவாகிவிட்டது.

எதிரி யார்?

காறல்மான் கதைக்குள் ஒரு சிக்கலும் உண்டு. கிறிஸ்தவ அரசரும் துருக்க சுல்தானும் மோதுவதாகத்தான் மேடை காட்டுகிறது. வரலாறு வேறு. கி.பி. 778-ல் பிரனீஸ் மலைக் கணவாயில் சார்லமேனின் பின்படையைத் தாக்கி ரோலாண்டைக் கொன்றவர்கள் பாஸ்க் இனத்தவர். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். சுமார் முந்நூறு ஆண்டுகள் கழித்து, சிலுவைப் போர்க் காலத்தில் பிரெஞ்சுக் காவியம் அந்த எதிரியை மாற்றி எழுதியது. கடல் வாணிகத்தில் முஸ்லிம் வணிகர்களோடு மோதிக்கொண்டிருந்த போர்த்துக்கீசியருக்கு அந்தக் கதை வசதியாக இருந்தது. கப்பலில் ஏற்றிக்கொண்டு போன இடமெல்லாம் இறக்கினார்கள். ஆப்பிரிக்காவின் மேற்கே சாவோ தோமே தீவில் 'சிலோலி' என்ற பெயரில் சார்லமேன் நாடகம் இன்றும் ஆடப்படுகிறது. பிரேசிலில் குதிரை மேல் ஏறிக் கிறிஸ்தவர் அணி, மூர்கள் அணி என்று பிரிந்து மோதும் 'கவல்யாதா' திருவிழாவும் இதே வம்சம்தான்.

ஆனால் வந்திறங்கிய இடம் கொச்சி. மட்டாஞ்சேரியில் பள்ளிவாசலும் யூதர்களின் ஜெபாலயமும் கொங்கணியரின் கோயிலும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. டச்சுக்காரர்கள் காலத்தில் சலவைக்கு வந்த தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் கோட்டைக் கொச்சியில் இன்றும் துவைக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் பழைய எதிரியை அப்படியே மேடையேற்றுவதா என்ற கேள்வி எழத்தான் செய்யும். பழைய பாட்டின் ஒரு வரியையும் மாற்றக் கூடாது என்பவர்களுக்கும், காலத்துக்கேற்பப் புதுக் கதை வேண்டும் என்பவர்களுக்கும் அவரவர் நியாயம் இருக்கிறது. சார்லமேனை மேடையிலிருந்து இறக்க வேண்டியதில்லை. 778-ல் நடந்தது என்ன என்பதைக் கட்டியக்காரன் வாயில் இரண்டு வரியாகச் சேர்த்தாலே போதும். கட்டியக்காரனுக்கு ராஜாவையே கிண்டல் செய்யும் உரிமை எப்போதும் உண்டு.

பலகை போய் சிமென்ட் வந்தது

உண்மையான ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. பல இரவுகள் ஓடிய நாடகத்தை இன்று சில மணி நேரத்தில், விழா மேடைகளில் சில நிமிடங்களில் முடிக்க வேண்டியிருக்கிறது. கேரளப் பள்ளிக் கலைவிழாவில் சவிட்டு நாடகம் போட்டி நிகழ்ச்சியாகச் சேர்க்கப்பட்டபோது, அதற்கு ஒரே வீச்சில் புதிய தலைமுறை கிடைத்தது. மதம், சாதி பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளும் ஆடினார்கள். ஒரு காலத்தில் ஆண்களே ஆடிய பெண் வேடங்களுக்குப் பெண்களே வந்தார்கள். அண்ணாவிகளுக்குப் பள்ளிகளில் வேலை வந்தது. இது சாதாரண லாபமல்ல.

நஷ்டமும் உண்டு. போட்டிக்கு வேகம் வேண்டும், மினுங்கும் உடை வேண்டும், வரிசை பிசகாத அணிவகுப்பு வேண்டும். விருத்தத்தை நிதானமாக இழுத்துப் பாட நேரம் எங்கே? ஆடுபவரே பாடுவது குறைந்து, பின்பாட்டுக்காரர்களோ பதிவு செய்த இசையோ அந்த வேலையைப் பார்க்கிறது. சிமென்ட் மேடையில் ஆடினால் மிதிக்கு ஓசை இல்லை. முழங்காலுக்கு வலிதான் மிச்சம். தட்டின் முழக்கத்தை ஒலிபெருக்கி ஈடுகட்டும்போது, 'சவிட்டு' என்ற முன்பாதி போய் 'நாடகம்' மட்டும் மிஞ்சுகிறது.

இதையெல்லாம் விடப் பெரிய இழப்பு மொழியில். பாடுகிற பிள்ளைக்குப் பொருள் தெரியாது. கேட்கிற சபைக்கும் அரைகுறை. அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்யும் சொல் ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் தேயும். ஆகவே புரியும் மலையாளத்தில் புதிதாக எழுதிவிடலாம் என்று நினைப்பது இயல்பு. எழுதட்டும். ஆனால் பழைய சுவடிகளைத் தமிழும் மலையாளமும் தெரிந்தவர்கள் சேர்ந்து உட்கார்ந்து, சொல் சொல்லாகப் பிரித்து, பொருள் எழுதிப் பதிப்பிப்பது அதற்கு முந்தைய வேலை. மலையாளத்தில் செபீனா ராஃபி இந்தக் கலையைப் பற்றி முன்னோடி நூல் எழுதிச் சென்றிருக்கிறார். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளிலிருந்து கொச்சிக்கு ஓர் இரவு ரயில் பயணம்தான். இலங்கைக் கூத்து மரபையும் தெருக்கூத்தையும் கற்ற ஒரு மாணவர் இந்தச் சுவடிகளைப் படித்தால், மலையாள ஆய்வாளருக்குப் பிடிபடாத பல முடிச்சுகள் அவிழும்.

2004 சுனாமி வைப்பின் தீவின் எடவனக்காட்டுக் கரையில் உயிர்ப்பலி வாங்கியது. அதே ஆண்டு கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பட்டு, தோணியையும் படகையும் நம்பியிருந்த தீவு எர்ணாகுளத்தோடு சாலையால் இணைந்தது. வேலைக்கும் படிப்புக்கும் பிள்ளைகள் நகரத்துக்குப் போய்வருவது சுலபமாகிவிட்டது. மாலையில் களரிக்கு வந்து ஒரு வருடம் காலை உதைத்துப் பழகு என்று அவர்களிடம் சொல்ல அண்ணாவிக்குத் தயக்கமாக இருந்தால் அதில் தப்பில்லை. கைபேசியில் ஒரு விரலசைவில் போர்க்களம் கிடைக்கிறது.

ஆனாலும் கைபேசி தராத ஒன்று தட்டில் இருக்கிறது. அங்கே பத்துப் பேர் ஒரே கணத்தில் மிதிக்க வேண்டும்; ஒருவர் பிந்தினாலும் ஊர் முழுக்கக் கேட்டுவிடும். பள்ளிக் கலைவிழாவுக்குத் தேர்வாகும் குழுக்களுக்குச் சிமென்ட் தரைக்குப் பதில் மரத்தட்டு போட்டுத்தர வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால், செலவு சில பலகைகள். பாட்டை ஆடுபவரே பாடினால் கூடுதல் மதிப்பெண் என்று இன்னொரு வரி. அதற்குப் பிறகு அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று பிள்ளைகளே கேட்பார்கள். அப்போது பதில் சொல்ல, தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.